நாற்பது நாள் பல் டாக்டர்

செஞ்சிக் கடைத்தெருவில் தனகோட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் அவன் 'பல் டாக்டர்'தான். அவன் பிறத்தியார் பல்லில் ஒன்றைக்கூடப் பிடுங்கியதில்லை. அவனுக்குத் தொழில், அப்பா சுந்தரமூர்த்தியின் மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், மூட்டைக்குள் கையை விட்டுப் பருப்பின் ஈரம் பார்ப்பது. ஆனாலும் பேர் பேர்தான். அந்தப் பேர் வந்த கதை இது.

1940-ஆம் வருஷம் சுந்தரமூர்த்திக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஏழு மாதம் படுத்தி எடுத்தது. அந்த ஏழு மாதத்தில், உலகத்தில் உயர்ந்த படிப்பு பல் வைத்தியந்தான் என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். பட்டணத்தில் இண்டர்மீடியட் தேறிவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் மகன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். சென்னை ராஜதானியில் அந்தப் படிப்புக்கு அப்போது காலேஜ் இல்லை; பம்பாயில் இருந்தது. எழுதிப் போட்டார்கள். இடம் கிடைத்தது. மூன்று வண்டி கட்டிக்கொண்டு திண்டிவனம் ஸ்டேஷன் வரைக்கும் உறவு ஜனம் போய், மாலை போட்டு ரயிலேற்றிவிட்டது. தனகோட்டியின் அம்மா மட்டும், "பல்லப் புடுங்கறதுக்கு அவ்ளோ தூரமா போவணும்? நம்ம ஊர்ல கொறடு இல்லியா?" என்று கேட்டாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்!

நாற்பதாம் நாள் தனகோட்டி திரும்பி வந்துவிட்டான்.

படிப்பு கஷ்டமாக இருந்து வந்தானா என்றால், படிப்பு இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை. முதல் வாரம் மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் வாயை ஒருவர் திறந்து, விரலை விட்டுப் பற்களை எண்ணி எழுதச் சொன்னார்கள். தனகோட்டிக்கு ஜோடியாக வந்தவன் சூரத்துக்காரன், நல்ல பிள்ளை, நாள் முழுதும் வெற்றிலை போடுகிறவன். தனகோட்டி பதினொரு பல் வரைக்கும் எண்ணினான். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினான். சோப்புப் போட்டுக் கழுவினான், சாம்பல் தேடிக் கழுவினான். அன்று பகல் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் வைத்த கை வாய்க்கு ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. எச்சில் என்றால் அவனுக்குப் பிறந்ததிலிருந்தே அப்படி. ஒரு செம்பில் பெற்ற தாய் வாய் வைத்தால்கூட அவன் அதில் குடிக்கமாட்டான். பல் வைத்தியம் என்பது அடுத்தவன் வாய்க்குள் ஆயுசுக்கும் கையை வைத்துக்கொண்டு பிழைப்பது என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, அவன் உள்பட. மிச்ச நாளெல்லாம் ஸ்பூனால் அவல் தின்று ஓட்டினான். ஆறாவது வாரம், வாயில் மாவு வைத்து அச்செடுக்கும் பாடம் என்று சொன்னார்கள். அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டிவிட்டான்.

திண்டிவனத்தில் இறங்கிச் செஞ்சி பஸ்ஸில் ஏறியபோது, என்ன சொல்வது என்று அவன் யோசித்திருக்கவில்லை. கண்டக்டர் தெரிந்தவர். "இன்னா தம்பி, படிப்பு முடிஞ்சிட்டுதா?" என்று வாஞ்சையாகத்தான் கேட்டார். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எச்சில் ஆகாமல் வந்துவிட்டேன் என்று இருபது பேர் எதிரில் எப்படிச் சொல்வது?

"ரொம்பக் கஷ்டமான படிப்புண்ணே. அம்பது பேர் சேர்ந்தோம். நாப்பத்தாறு பேர் வுட்டுட்டுப் போய்ட்டாங்க."

அவன் சொன்னது அவ்வளவுதான். பெட்டி, படுக்கையை இறக்கிக்கொண்டு அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சுந்தரமூர்த்தி வாசலில் நின்றார். திட்டவில்லை. "நாப்பத்தாறு பேரா?" என்றார். "ஆமா நைனா" என்றான். மறுநாள் மண்டிக்கு வந்த வியாபாரிகளிடம் அவரே, "நாப்பத்தெட்டுப் பேர் ஓடிட்டானுங்களாம்யா" என்றார். பெற்றவர் மானம் இரண்டு பேரைக் கூடச் சேர்த்தது. மகன் பக்கத்தில்தான் நின்றான், திருத்தவில்லை.

பொய்க்குக் கால் முளைத்துவிட்டால் சொன்னவனே பின்னால் ஓடவேண்டியதுதான். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் போன கதை வேறு, திரும்பி வந்த கதை வேறு. மெழுகில் பல் செய்யவேண்டுமாம். ஒரு நூல் பிசகினால் அன்றைக்கே டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்து ரயிலேற்றிவிடுவார்களாம். முதல் பரீட்சைக்கு வாத்தியாரே வாயைத் திறப்பாராம். பிடுங்கும்போது அவர் 'ஆ' என்றால் பெயிலாம். அவலூர்பேட்டையிலிருந்து மல்லாட்டை கொண்டுவந்த ஒருவர், இந்தக் கதைகளையெல்லாம் தனகோட்டியிடமே ரகசியமாகச் சொல்லி, "உனுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. "இன்னும் இருக்குதுண்ணே" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தான். படிக்காத பிள்ளைகளை, "பல்லு காலேஜுக்கு அனுப்பிடுவேன்" என்று தாய்மார்கள் மிரட்டும் அளவுக்கு விஷயம் முற்றியது. பள்ளிக்கூடப் பரீட்சையில் தவறிய பையன்கள், "அந்தத் தனகோட்டியாலயே முடியல" என்று தெம்போடு வீட்டுக்குப் போனார்கள்.

அவனுக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் கழித்துப் பெண் பார்த்தபோது, அந்தப் பேர்தான் கைகொடுத்தது. பெண் கமலாம்பாள். அவள் அப்பா, தனகோட்டியின் நிலபுலத்தை விசாரித்ததைவிடப் பம்பாய்க் கதையை அதிகம் விசாரித்தார்.

கமலாம்பாள் வந்த இரண்டாம் வாரமே ஒன்றைக் கவனித்தாள். அவன் சாப்பிட்ட இலையில் அவள் உட்காரப் போனால், "வேற எல போட்டுக்க" என்று எழுந்து போய்விடுவான். அவள் ஊதி ஆற்றிக் கொடுத்த காப்பியை, அவள் அந்தப் பக்கம் போனதும் கொல்லையில் ஊற்றிவிடுவான். ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பல்லு காலேஜ்ல ஊரான் வாய்க்குள்ள கைய வுடணுமா?"

"வுடாம?"

"ம்" என்றாள் கமலாம்பாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது அவனிடம் பல்வலி என்று வந்து வாயைத் திறக்கும்போதெல்லாம், அவன் இரண்டு முழம் தள்ளி நின்று எட்டிப் பார்த்து, "கிராம்பு வையி, உப்புத்தண்ணி கொப்புளி" என்று சொல்வதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

1945-ஆம் வருஷம் மே மாதம், செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை அடுப்புக் கல்லாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், மண்டிக்கு அமிர்தசாமி வாத்தியார் வந்தார். தளவானூருக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கிராமத்தில், மாதா கோயிலை ஒட்டிய மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் வாத்தியார். கூட அவர் மகள் லில்லி வந்திருந்தாள். கன்னியாஸ்திரீகள் உதவியால் பட்டணத்தில் இண்டர்மீடியட் படித்து முதல் வகுப்பில் தேறியவள். அதே பம்பாயில், அதே பல் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சரி, இல்லை என்று கன்னியர் மடத்துத் தாயாருக்குப் பதில் எழுதவேண்டும்.

"பயமா இருக்குது தம்பி" என்றார் அமிர்தசாமி. "ஊர்ல இன்னா இன்னாவோ சொல்றாங்க. நேர்ல பார்த்தவரு நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்லுங்க, அனுப்பலாமா?"

தனகோட்டிக்கு அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல நாக்கில் தடம் விழுந்திருந்தது. அது தானாகவே கிளம்பியது. ஐம்பது பேர், நாற்பத்தாறு பேர், மெழுகுப் பல், வாத்தியார் வாய். அமிர்தசாமி முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. லில்லி கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, முதல் பரீட்சை எப்ப?"

"மார்ச்சுல."

"நீங்க எப்ப திரும்பி வந்தீங்க?"

"ஆவணி பொறந்து..."

"அப்ப பரீட்சையே எழுதாம நாப்பத்தாறு பேர் எப்பிடிண்ணே பெயிலானாங்க?"

தனகோட்டி மூட்டைகளைப் பார்த்தான். ஐந்து வருஷத்தில் ஒருவரும் அவனை அந்தக் கேள்வி கேட்டதில்லை.

"அது... வாய்மொழிப் பரீட்சைம்மா" என்றான்.

லில்லி காகிதத்தை மடித்தாள். அமிர்தசாமி எழுந்துகொண்டார். "வாணாம் தம்பி. டீச்சர் டிரெய்னிங் போவட்டும். அம்பதுல நாலு பேர் நிக்கற எடத்துல எம்பொண்ணு இன்னா பண்ணுவா?" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். லில்லி போகும்போது திரும்பிப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. கணக்கில் விடை தப்பாக வந்தால் எந்த வரியில் பிசகு என்று தேடுவோமே, அப்படிப்பட்ட பார்வை.

பகல் சாப்பாட்டில் தனகோட்டி இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை. கமலாம்பாள் விசாரித்தாள். நடந்ததைச் சொன்னான், வாய்மொழிப் பரீட்சை வரைக்கும். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கு எச்சில் ஆவாது. அந்தப் பொண்ணுக்கு ஆவுமே."

தனகோட்டி கையைச் சோற்றில் வைத்தபடியே இருந்தான். "உனுக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணமான ரெண்டாம் வாரம். ஊருக்குத் தெரியாட்டி பரவால்லிங்க. எத்தினி பேர் சிரிச்சிட்டுப் போனாங்க, போவட்டும். ஆனா இப்ப ஒரு பொண்ணு படிப்புல மண்ணு வுழுது."

மறுநாள் காலை வெயிலுக்கு முன்னால் தனகோட்டி சைக்கிளை எடுத்தான். உலக யுத்த காலம், நல்ல டயர் கிடைக்காது. இருந்த டயரில் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தான். அது சுற்றுக்கு ஒரு தரம் 'டொப்' என்று தூக்கிப்போட்டது. ஒவ்வொரு 'டொப்'புக்கும் சொல்லவேண்டியதை ஒரு விதமாக மாற்றிக்கொண்டே போனான். படிப்பு இப்போது சுலபமாகிவிட்டது என்று சொல்லலாமா? பெண்களுக்குச் சலுகை உண்டு என்று சொல்லலாமா? ஊர் போய்ச் சேரும்போது கைவசம் ஆறு பொய் இருந்தது. ஒன்றும் உருப்படியாக இல்லை.

அமிர்தசாமியின் மனைவி பாக்கியம் முற்றத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி, டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தனகோட்டி வாங்கினான். தன்னை அறியாமலே மேல்துண்டால் டம்ளர் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்தான். பிறகு இன்னொரு சுற்று.

பாக்கியம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏன் தம்பி? எங்க வூட்டு டம்ளர்ல இன்னா?" என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. அமிர்தசாமி தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டுக்கு அது புதிதில்லை. டம்ளரைத் துடைக்கிறவர்களையும், டம்ளரே வேண்டாம் என்கிறவர்களையும் அவர்கள் நிறையப் பார்த்திருந்தார்கள்.

தனகோட்டிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "ஐயோ, அது இல்லம்மா! எனக்கு எங்கம்மா டம்ளரே ஆவாது. எம்பொண்டாட்டி டம்ளர் ஆவாது. எச்சிலுன்னா எனக்கு வவுத்தப் பொரட்டிட்டு வரும். அதனாலதான் அந்தக் காலேஜ வுட்டே ஓடியாந்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது அவனுக்கே தெரிந்தது. பாக்கியம் மறுபடி கையில் எடுத்த முறம் அப்படியே நின்றது.

"அப்ப நாப்பத்தாறு பேர்?" என்றார் அமிர்தசாமி.

"தெரியாதுங்க ஐயா. நான் வரும்போது எல்லாரும் இருந்தாங்க. நான் ஒருத்தன்தான் வந்தேன்."

அமிர்தசாமி முகத்தில் ஒரு கனிவு வந்தது. "உங்களுக்குப் பெரிய மனசு தம்பி. எம்பொண்ணு ஏங்கிப் போவாளேன்னு, உங்கள நீங்களே தாழ்த்திக்கினு இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க."

"இல்லிங்க ஐயா, நெசமாவே..."

"ஊரே சொல்லுதே? அவலூர்பேட்டைக்காரன் ஒருத்தன் சத்தியம் பண்ணிச் சொன்னானே?"

"அவனுக்கு இன்னொண்ணு சேத்துச் சொன்னதே நான்தாங்க!"

வாத்தியார் நம்புவதாக இல்லை. ஐந்து வருஷம் ஊர் சொன்னதை ஒருவன் ஐந்து நிமிஷத்தில் பொய் என்றால் எப்படி நம்புவது? நம்பியவள் பாக்கியம். அவளுக்கு அத்தாட்சி கண்ணெதிரே இருந்தது. இத்தனை பேச்சுக்கும் தனகோட்டி அந்த மோரைக் கையில் பிடித்திருந்தானே தவிர, ஒரு வாய் குடிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறத்தைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "குடிங்க தம்பி, அண்ணாந்து ஊத்திக்கினு குடிங்க. டம்ளர் வாயில படாது" என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "இவரு சொல்றது நெசம். எழுதுங்க லெட்டர" என்றாள்.

லில்லி உள்ளே போய்ப் பேனாவும் மையும் கொண்டுவந்து அப்பா பக்கத்தில் வைத்தாள். கணக்கில் பிசகிய வரி அவளுக்குக் கிடைத்துவிட்டது.

ஜூன் மாதம் அவள் பம்பாய்க்குப் போனாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து அமிர்தசாமி மண்டிக்கு வந்தார். கையில் லில்லியின் கடிதம். முகத்தில் ஒரு வெற்றி. நாலு பேர் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்: சேரும்போது முப்பத்தொரு பேர், இப்போது பத்தொன்பது பேர்தான் இருக்கிறோம். மெழுகில் பல் செதுக்கும் பாடம் மிகவும் கடினம், நான் செதுக்கிய பல்லை மூன்று தரம் உடைத்துப் போட்டுவிட்டார்கள்.

"பாத்தீங்களா தம்பி! நீங்க பொய்யின்னு சொன்னீங்களே, அதான் பொய்யி!"

தனகோட்டி கடிதத்தை வாங்கித் தானே ஒரு தரம் படித்தான். தான் பார்க்காமலே கட்டிவிட்ட கதை, போய்ப் பார்த்தால் பாதி நிஜமாக இருக்கிறதே! சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்றே தெரியவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மற்றப் பன்னிரண்டு பேரும் ஏன் போனார்கள் என்று கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் போட்டான். பதில் வந்தது. இரண்டு பேருக்குக் கல்யாணம். ஒருவனுக்கு அப்பா இறந்து கடையைப் பார்க்கப் போனான். மூன்று பேருக்கு டாக்டர் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. ஒருத்திக்குப் பம்பாய் மழை ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சப் பேர் எலும்புப் பாடத்தின் சின்னச் சின்னப் பரீட்சைகளிலேயே தவறி, அவமானத்தில் சொல்லாமல் போய்விட்டார்கள். 'எச்சிலுக்காக யாரும் போகவில்லை அண்ணே. அந்தப் பெருமை இன்னும் உங்களுக்கு மட்டுந்தான்' என்று முடித்திருந்தாள். அந்தக் கடிதத்தைக் கமலாம்பாள் இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

இரண்டாம் வருஷம் லில்லியே ஒரு பாடத்தில் தவறினாள். ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று வீட்டுக்கு எழுதிவிட்டாள். அமிர்தசாமி பதறிக்கொண்டு மண்டிக்கு வந்தார். மகள் பாதியில் திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அவருக்கு முக்கியமாக இல்லை. பிள்ளை அழுதுகொண்டு எழுதியிருக்கிறாளே என்பதுதான் கவலை. தனகோட்டி ஒரு காகிதம் எடுத்து, மூட்டை மேல் வைத்தே எழுதினான்.

'லில்லிக்கு. வருவதானால் வா. தப்பில்லை. ஊருக்குச் சொல்ல நல்ல கதையாக நானே ஒன்று கட்டித் தருகிறேன், அதில் எனக்குப் பழக்கம் இருக்கிறது. ஆனால் ஒன்று. அதை நீ ஆயுசுக்கும் மாற்றாமல் சொல்லவேண்டும். கேட்கிறவர்கள் மறக்கமாட்டார்கள், நாம்தான் மறந்துவிட்டு மாட்டிக்கொள்வோம். எனக்கு ஏழு வருஷமாகிறது, அலுத்துவிட்டது. உன்னால் முடியுமா என்று பார்த்துக்கொள்.'

அவள் வரவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தப் பாடத்தை எழுதித் தேறினாள்.

1949 கடைசியில் லில்லி டாக்டராகிச் செஞ்சிக்கு வந்தாள். மற்ற நாளில் திண்டிவனத்தில் வேலை. சனிக்கிழமை மட்டும் செஞ்சியில், மண்டிக்கு நாலு கடை தள்ளி ஓர் அறை. தச்சர் செய்த சாய்வு நாற்காலி ஒன்று, காலால் மிதித்தால் சுற்றிப் பல்லைக் குடையும் யந்திரம் ஒன்று. ஊரே போய் எட்டிப் பார்த்தது. உள்ளே மட்டும் ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. அம்பதில் ஒருத்தியாகத் தாக்குப்பிடித்து வந்தவள் என்றால் சும்மாவா? கை இரும்பாக இருக்கும். வாத்தியார் பல்லையே அவர் 'ஆ' சொல்லாமல் பிடுங்கினவளாம். நம்மைப் பிடித்தால் தாடையோடு வந்துவிடுமாம். தனகோட்டி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விதைத்தது இப்போது அவள் வாசலில் முள்வேலியாக முளைத்து நின்றது.

மூன்று சனிக்கிழமை அப்படியே போயிற்று. தனகோட்டி தானே போய் உட்காரலாம் என்று பார்த்தான். முப்பத்திரண்டு பல்லும் கல்லாக இருந்தது. ஒன்றிலும் ஒரு சொத்தை கிடையாது. நாலாம் சனிக்கிழமை காலை, கமலாம்பாள் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, "வாங்க போலாம்" என்றாள்.

"எங்க?"

"ஒரு வருசமா கீழ்க்கடவாயில கிராம்ப வச்சி அடக்கிக்கினு கெடக்கறேன். உங்க வைத்தியம் போதும்."

அவள் உள்ளே போனாள். தனகோட்டி வாசற்படி வரைக்கும் போனான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை, லில்லியும் கூப்பிடவில்லை. தெருவில் முப்பது பேர் நின்றார்கள். 'ஐயோ' என்ற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே லில்லி ஏதோ பேசுவதும், கமலாம்பாள் 'ம்', 'ம்' என்பதும்தான் கேட்டது. கால்மணியில் கமலாம்பாள் தன் காலால் நடந்து வெளியே வந்தாள். வாயில் பஞ்சு. கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டு, எப்படி, எப்படி என்று கேட்டது. அவள் வாயைக் காட்டி, பேசக்கூடாது என்று கையை ஆட்டிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

எல்லாரும் தனகோட்டி பக்கம் திரும்பினார்கள். பம்பாய்க்குப் போய் வந்தவன். கதை சொல்ல அவனைவிட்டால் யார்?

"ஊசி குத்தும்போது கொஞ்சம் வலிச்சிருக்கும்" என்றான் தனகோட்டி. "அப்புறம் தெரியல. பல்லு வந்துட்டுது. இன்னிக்கிக் கஞ்சி குடிக்கணுமாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கூட்டத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. ஒருத்தி மட்டும் நின்றாள். விருத்தாம்பாள் என்று, அவலூர்பேட்டையிலிருந்து சாமான் வாங்க வந்தவள். தாடையில் துணியைச் சுற்றித் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டிருந்தாள். இரண்டு ராத்திரியாகத் தூங்காத கண்.

"இன்னா யோசிக்கற, போம்மா" என்றான் தனகோட்டி.

"நீ கூட வாயேன் சாமி, பயமா இருக்குது."

"எனக்கு உன்னவிட பயம்" என்றான் அவன். விருத்தாம்பாளுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டே படியேறினாள். கமலாம்பாள் பஞ்சுக்குள் என்னவோ சொன்னாள், அவனுக்குப் புரியவில்லை. அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.